ரகசிய இல்லத்துக்கு நல்லெண்ணப் பயணம்

அந்த வீட்டில் பெண்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது எந்தக் காதுக்குப் போகக் கூடாதோ அந்தக் காதுக்குத்தான் முதலில் போகும் என்பதால், வந்த அன்றே அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும். பதிலுக்கு, ஆஸ்பத்திரியில் அவள் என்ன பொய் சொன்னாளோ அதையே பெயராக வைத்துவிடுவார்கள். சோப்பு வழுக்கிவிட்டது என்றவள் குளியலறை. தலையில் பெட்டி விழுந்தது என்றவள் அலமாரி. கதவில் இடித்துக்கொண்டேன் என்று மட்டும் இதுவரை மூன்று பேர் வந்துவிட்டதால் அவர்களுக்கு நம்பர் போட வேண்டியதாயிற்று. சமையல் பார்த்தவள் முதல் கதவு. ஒன்பது வருஷத்துக்கு முன் வந்து, திரும்பிப் போக இடமில்லாமல் அங்கேயே வேலைக்கு ஒட்டிக்கொண்டவள்.

கடைசியாக வந்தவள் மாடிப்படி. மாடியே இல்லாத வீட்டில் குடியிருந்துகொண்டு, மாடிப்படியில் உருண்டு விழுந்ததாக மூன்று முறை ஆஸ்பத்திரியில் சொன்னவள். மூன்று முறையும் எந்த மாடி என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் பொறுப்பாக இருந்தவளை எல்லோரும் அக்கா என்றார்கள். ஐம்பத்து மூன்று வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். முன்பு இருபத்திரண்டு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்சாக இருந்தாள். வந்து விழுந்த பெண்கள் சொன்ன பொய்யையெல்லாம் பதிவேட்டில் எழுதியது அவள் கைதான். 'தானாகவே தவறி விழுந்தார்' என்று எத்தனை தடவை எழுதியிருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. தெரிந்தேதான் எழுதினாள். ஒரு கட்டத்தில் அந்த வாக்கியத்தை எழுத முடியாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு வேலையை உதறினாள். அந்த வெட்கம் இன்னும் அவளை விட்டபாடில்லை.

வீட்டுக்கு வெளியே பலகை கிடையாது. மளிகை அடுத்த தெருவில் இறங்கும். புதிதாக வருகிறவள் இரண்டு பஸ் மாறித்தான் வர வேண்டும். இத்தனை கட்டுப்பாட்டோடு ஏழு பெண்களும் நான்கு பிள்ளைகளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்த அந்த வீட்டுக்கு வாடகையும் சோறும் ஒரு அறக்கட்டளையிலிருந்து வந்தது. சோப்புத் தொழிற்சாலை ஒன்று சம்பாதித்ததில் கொஞ்சம், பொதுமக்கள் கொடுப்பதில் மிச்சம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உலகத்தில் வேறு யாரும் அந்த வாடகையைக் கொடுக்க முன்வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குறை எங்கே வந்ததென்றால், கொடுத்தவர்களுக்குப் பார்க்கவும் ஆசை வந்ததில்தான்.

அறக்கட்டளையின் திட்ட அலுவலர் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கையில் அட்டைப் பெட்டியோடு வந்தார். முப்பது வயசு ஆள், கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை உண்டு. கெட்டவர் இல்லை. மேலிடம் சொன்னதை அப்படியே நம்புகிற வியாதி மட்டும் இருந்தது.

"அக்கா, ஒரு நல்ல செய்தி. நம்ம வீடு தேர்வாகியிருக்கு."

"எதுக்கு தம்பி?"

"'நேரில் காணுங்கள்' திட்டத்துக்கு. வர்ற வியாழக்கிழமை பதினஞ்சு தங்க நண்பர்கள் பஸ்ல வர்றாங்க."

தங்க நண்பர் என்றால் யார் என்று அக்காவுக்கு விளக்கினார். கொஞ்சம் கொடுத்தால் வெள்ளி நண்பர், அவருக்குக் காலண்டர் போகும். நிறையக் கொடுத்தால் தங்க நண்பர், அவர் பாதிக்கப்பட்ட பெண்களை நேரில் வந்து பார்க்கலாம்.

"தம்பி, இது ரகசிய வீடு."

"தெரியும்க்கா. அழைப்பிதழ்லயே போட்டிருக்கோம், ரகசிய இல்லம்னு. பெரிய எழுத்துல."

"முகவரி?"

"அது கீழ, சின்ன எழுத்துல."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்டல் செய்கிறாரோ என்று தேடினாள். அவர் முகத்தில் பால் வடிந்தது.

"வேணாம்னு சொன்னா?"

"சொல்ல முடியாதுக்கா. அடுத்த வருஷ உதவிக்கு இது நிபந்தனை. ஒப்பந்தத்துல பதினாலாம் பக்கம். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

போட்டிருந்தாள். வாடகை பாக்கி கழுத்தை நெரித்த மாதத்தில் வந்த காகிதம் அது. பதினான்காம் பக்கம் வரைக்கும் படிக்க அன்றைக்கு யாருக்குப் பொறுமை இருந்தது. அலுவலர் அட்டைப் பெட்டியை மேஜைமேல் வைத்து, நண்பர்கள் கைப்பட எழுதிய அன்பு வாழ்த்துகள் இதில் இருக்கின்றன, பெண்களிடம் கொடுங்கள், மனசுக்குத் தெம்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் பெட்டியைப் பிரித்தார்கள். சிரித்து ரொம்ப நாளாகியிருந்த வீடு, சிரிக்க ஏதாவது கிடைத்தால் விடுமா. முதல் கதவு கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"'வலிமையான பெண்ணே, எழுந்து நில்.' காலைல அஞ்சு மணியிலேருந்து அடுப்படியில நின்னுக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

"எனக்கு?" என்றாள் குளியலறை.

"'உன் கண்ணீர் ஒவ்வொன்றும் முத்து.' அப்படின்னா இந்நேரம் நீ நகைக்கடை வெச்சிருக்கணுமேடி."

மாடிப்படி தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டாள். படித்தாள். பிறகு அதைத் திருப்பி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினாள். ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"என்னம்மா?" என்றாள் அக்கா.

"அவரு."

அக்கா அட்டையை வாங்கிப் பார்த்தாள். 'சகோதரி, நீங்கள் எங்கே இருந்தாலும் என் அன்பு உங்களைத் தேடி வரும்.' கீழே பெயர் இல்லை, அன்புச் சகோதரன் என்று மட்டும் இருந்தது.

"பேரே இல்லையேம்மா. எப்படிச் சொல்ற?"

"தினம் காலைல நான் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது எல்லாம் எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டுத்தான் கடைக்குப் போவாரு. பேனாவ அந்த அழுத்து அழுத்துவாரு. பின்பக்கம் தடவினாலே படிச்சிடலாம். நாலு வருஷம் படிச்சிருக்கேன்க்கா."

அவள் புருஷன் மருந்துக்கடை வைத்திருந்தவன். காயப்படுத்தியதும் அவன்தான், களிம்பு கொண்டுவந்து தடவியதும் அவன்தான். வெளியே யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, எந்த வீட்டுக்குப் போனாலும் மிதியடியில் காலைத் தேய்த்துவிட்டுத்தான் நுழைவான். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டேதான் அடிப்பானாம்.

அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பதினொரு வாய்க்குச் சோறு ஒரு பக்கம். ஒருத்தி உயிர் இன்னொரு பக்கம்.

சனிக்கிழமை காலையிலேயே அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனாள். உள்ளே போவது லேசில்லை. வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, செல்போனை ஒப்படைத்து, யாரைப் பார்க்க, எதற்கு என்று எழுதிக் கொடுத்து, கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிக்கொண்டு மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும். இத்தனை காவல் அவள் வீட்டுக்கு இருந்திருந்தால் பெண்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். வரவேற்பறைச் சுவர் முழுக்க ஒரு பெண்ணின் ஒற்றைக் கண், அதில் ஒற்றைச் சொட்டுக் கண்ணீர். கண்ணீரை மட்டும் தனியாக விளக்குப் போட்டு மினுக்கியிருந்தார்கள். இடம் பூராவும் சோப்பு வாசனை.

இயக்குநர் அம்மாள் அன்போடு வரவேற்றாள். திட்ட அலுவலரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அக்கா அட்டையை மேஜைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"இந்த அட்டையா?" இயக்குநர் முகம் மலர்ந்தது. "வாழ்த்து எழுதற போட்டியில இதுக்குத்தான் முதல் பரிசு கொடுத்தோம். காலண்டர் அட்டையிலேயே இந்த வரியைத்தான் போடறோம்."

"அம்மா, இத எழுதினவன் எங்க வீட்ல இருக்கற ஒருத்தியோட புருஷன்."

"அப்படியெல்லாம் நாம முடிவு பண்ணக் கூடாது. யார் எழுதினதுன்னு நான் சொல்லவும் முடியாது. நன்கொடையாளர்களோட ரகசியத்தக் காப்பாத்தறது எங்களுக்கு உயிர் மாதிரி."

"எங்க முகவரிய அச்சடிச்சு அனுப்பியிருக்கீங்க."

"அது வெளிப்படைத்தன்மை," என்றாள் இயக்குநர்.

அக்கா மூச்சை இழுத்து விட்டாள். "சரி. அவர் பேர் வேணாம். எப்படிப்பட்டவர்னு மட்டும் சொல்லுங்க."

இயக்குநர் உச்சி குளிர்ந்துபோனாள். அந்த மனிதரைப் பற்றிப் பேசுவதென்றால் அவளுக்கு அவ்வளவு ஆசை. "மருந்துக்கடை வெச்சிருக்கார். என்ன ஒரு ஈடுபாடு தெரியுமா. இதுவரைக்கும் இந்த மாதிரி நாலு வீட்டுக்குப் போனோம், நாலுக்கும் வந்துட்டார். ஒவ்வொரு ரூமா போய்ப் பாப்பார். அடுப்படி வரைக்கும் பாப்பார். யாராவது ஒரு சகோதரி விட்டுப்போயிட்டாங்களா, அவங்களுக்கும் பரிசு போய்ச் சேரணுமேன்னு கேட்டுக்கிட்டே இருப்பார்."

அலுவலர் தன் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"அவன் அவளத் தேடறாம்மா," என்றாள் அக்கா. "உங்க பஸ்ல உக்காந்து வீடு வீடா தேடறான்."

"புகார்னா அதுக்குப் படிவம் இருக்கு. விசாரிக்க முப்பது வேலை நாள் ஆகும். அதுவரைக்கும் ஒருத்தர சந்தேகப்படறது அவர மனசளவுல காயப்படுத்தற மாதிரி. நாமளே அந்தத் தப்பைச் செய்யலாமா? வேணும்னா அன்னிக்கு ஒரு நாள் அந்தப் பொண்ணு பின்னாடி ரூம்ல இருக்கட்டுமே."

அடுப்படி வரைக்கும் பார்க்கிறவன் பின்னறையை விட்டுவிடுவான் என்று அந்த அம்மாள் நினைத்தாள். மனிதர்களை அவ்வளவு நல்லவர்களாக நினைக்க எத்தனை வசதி வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது. வாயைத் திறந்தால் வாடகை போய்விடும். மூடிக்கொண்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்து எதையும் பூசி மெழுகாமல் எல்லோர் முன்னாலும் சொன்னாள். மாடிப்படி எழுந்து போய்த் தன் பையில் துணிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"நான் ஒருத்தி போயிடறேன்க்கா. என்னால எல்லாரும் தெருவுக்கு வரணுமா?"

"உக்காருடி," என்றாள் முதல் கதவு. "இன்னிக்கு உம் புருஷன் வர்றான். நாளைக்கு அந்தப் பஸ்ல எவ புருஷன் வருவான்னு யாருக்குத் தெரியும்?"

யோசனை அக்காவுக்குத்தான் வந்தது. புதன்கிழமை காலையில் மாடிப்படியை வெளியூரில் இருந்த தன் பழைய நர்ஸ் தோழி வீட்டுக்கு அனுப்பினாள். இனி இந்த வீட்டுக்குத் திரும்பாதே என்று சொல்லித்தான் அனுப்பினாள். வியாழக்கிழமை விடிந்ததும் மற்ற ஆறு பெண்களையும் நான்கு பிள்ளைகளையும் பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். ஆளுக்கொரு டோக்கன் சீட்டு, ஒரு தண்ணீர் பாட்டில். ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறவர்களை ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று எந்த உலகத்திலும் யாரும் கேட்பதில்லை. இருபத்திரண்டு வருஷ அனுபவம் அதற்காவது உதவியது.

பத்து மணிக்குப் பஸ் வந்து வீட்டு வாசலிலேயே நின்றது. பஸ்ஸின் நீளத்துக்கு ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். 'கணவர்களின் வன்முறைக்குத் தப்பி ஒளிந்து வாழும் பெண்களின் ரகசிய இல்லத்துக்கு நல்லெண்ணப் பயணம்.' ஒன்பது வருஷமாக எதுவும் தெரியாத எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்து, பிரஷ்ஷை வாயில் வைத்தபடி முழுசாகப் படித்தார். அந்த நிமிஷத்தோடு அந்த வீடு முடிந்தது என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. இனி வேறு வீடு பார்க்க வேண்டும்.

தங்க நண்பர்கள் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவன் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். மிதியடியில் இரண்டு காலையும் நிதானமாகத் தேய்த்துவிட்டு, அக்காவுக்குக் கைகூப்பி வணக்கம் சொன்னான். பார்த்தால் பக்கத்து வீட்டுச் சாவியைக் கொடுத்து வைக்கலாம் போல இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"எல்லாரும் எங்கே?" என்றாள் பரிசுப் பெட்டியோடு வந்திருந்த ஒரு தங்க நண்பி.

"வேலைக்குப் போயிருக்காங்கம்மா. பிள்ளைங்க ஸ்கூலுக்கு."

"ஒருத்தர்கூடவா இல்லை? நாங்க ரெண்டு மணி நேரம் பஸ்ல வந்திருக்கோம்."

அடிபட்ட பெண்கள் வேலைக்குப் போவது ஏமாற்றமாக இருந்தது அவர்களுக்கு. காலிக் கட்டில்களைப் பார்த்தார்கள், துவைத்து மடித்த போர்வைகளைப் பார்த்தார்கள், எல்லாம் சுத்தமாக இருப்பதில் லேசாக மனம் சுணங்கினார்கள். முழுக்கைச் சட்டைக்காரன் மட்டும் எதிலும் சுணங்கவில்லை. ஒவ்வொரு அறையாகப் போய்க்கொண்டிருந்தான். அலமாரியைத் திறந்து, நல்ல மரம் என்று சொல்லி மூடினான். பிறகு அடுப்படியைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனான்.

அலுவலர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"அக்கா, அறிக்கைக்கு ஒரு படமாவது வேணும். யாராவது முதுகைக் காட்டி உக்காந்தாப் போதும். பாதிக்கப்பட்டவங்க முகத்த நாங்க காட்டவே மாட்டோம், அது எங்க கொள்கை."

"யாரும் இல்லையே தம்பி."

"நீங்களே உக்காருங்களேன்."

படம் எடுத்தால்தான் பஸ் கிளம்பும், பஸ் கிளம்பினால்தான் பெண்கள் திரும்ப முடியும். அக்கா தலையிலடித்துக்கொண்டு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, ஒரு போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொள்ளுங்கள் என்றார் பஸ்ஸில் கூடவே வந்திருந்த படம் எடுப்பவர். குறுக்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பின்கட்டிலிருந்து அவன் திரும்பி வந்தான். அவன் கண்ணில் பட்டது முக்காடு போட்டு, சுவரைப் பார்த்து, தோள் குறுகி உட்கார்ந்திருந்த ஒரு பெண்.

"நான் குடுக்கறேன்," என்று பரிசுப் பெட்டியைத் தங்க நண்பியின் கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கினான்.

காலடி ஓசை முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. இடது பக்கம் பெட்டி நீண்டது. வலது பக்கம் போர்வையின் ஓரத்தை இரண்டு விரல்கள் பிடித்து, பாத்திரத்தின் மூடியைத் திறப்பதுபோல மெல்லத் தூக்கின. குடித்துவிட்டுக் கத்தியோடு வந்தவனையெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் சட்டையைப் பிடித்து நிறுத்தியவள் அக்கா. இன்று அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"போதும்," என்றான் அவன், காதோடு காதாக, கோபமே இல்லாமல். "வீட்டுக்குக் கெளம்பு."

பிறகு முகத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு நொடி எதுவுமே இல்லை. அடுத்த நொடி சிரித்து, "மன்னிச்சுக்குங்க சகோதரி, நீங்களா," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். படம் எடுப்பவர், அருமையாக வந்திருக்கிறது என்றார்.

அவன் மெல்லச் சொன்னது இன்னொருவர் காதிலும் விழுந்திருந்தது. போர்வையைச் சரிசெய்ய வந்து பக்கத்திலேயே நின்றிருந்த திட்ட அலுவலர், போர்வை நுனியைப் பிடித்த கையை விடவும் மறந்து நின்றார்.

பதினைந்து பேரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். அலுவலர் வருகைப் பட்டியலோடு பஸ்ஸின் கீழே நின்றுகொண்டிருந்தார். அக்கா அவரிடம் போனாள்.

"தம்பி, பஸ்ல ஆம்பளைங்க எத்தனை பேர்?"

"பதினொண்ணு."

"போன வருஷம், இந்த 'நேரில் காணுங்கள்' வர்றதுக்கு முன்னாடி?"

"மொத்தமே ரெண்டு மூணு பேர்தான்க்கா தங்க நண்பர்ல." பட்டியலைப் பார்த்தபடியே சொன்னார். "சமுதாயம் மாறுதுன்னு அறிக்கையில எழுதினோம். நான்தான் எழுதினேன்."

"இந்தப் பதினொண்ணுல பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வந்தவங்க எத்தனை பேரு?"

அலுவலர் பட்டியலில் விரலை வைத்தார். முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். ஒரு தடவை முடித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் தடவையும் விரல் எங்கேயும் நிற்கவில்லை.

பஸ் ஜன்னல் ஒன்று திறந்தது. முழுக்கைச் சட்டை எட்டிப் பார்த்தது.

"தம்பி, அடுத்த வியாழக்கிழமை எந்த வீடு? முகவரி இருந்தா இப்பவே குறிச்சுக்குவேன்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று தலைகள் ஆவலோடு திரும்பின.

அலுவலர் பட்டியலை நான்காக மடித்துச் சட்டைக்குள் போட்டார். கேள்வி கேட்டவனைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தார்.

"தெரியாது சார்," என்றார். "எனக்கு எந்த வீடும் தெரியாது."